கருமாதிக்கு அப்புறம் படிக்க

டீச்சரிடம் கேளுங்கள்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, சாவு விழுந்த வீட்டுக்காரர்களுக்கு நாவல் நல்ல துணை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் கொஞ்சமில்லை. சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள், ஒரு தங்கச்சி உங்கள் பேச்சைக் கேட்டுப் படித்து இன்னும் மோசமாகப் போனேன் என்று எழுதியிருக்கிறாள். ஆகவே சமையல், பரீட்சை, மாமியார் மருமகள் எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தங்கச்சியிடமிருந்தே தொடங்குவோம், தப்பு என்னுடையது.

டீச்சர், அம்மா இறந்து நாலு மாதம் ஆகிறது. முப்பத்தெட்டு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நீங்கள் சொன்னதை நம்பி சாவைப் பற்றிய நாவல் ஒன்றை எடுத்தேன், பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. "இருக்கிற கவலை போதாதா, இதை வேறு காசு கொடுத்து வாங்க வேண்டுமா" என்று வீட்டுக்காரர் ஏசுகிறார். எனக்கு ஏதாவது கோளாறா? என்ன படிக்கலாம்?
*வாசகி, மஸ்கெலியா*

கோளாறு உங்களிடம் இல்லை தங்கச்சி, எத்தனை நாள் கழித்து என்று சொல்லாமல் மருந்து எழுதிக் கொடுத்தது நான்.

நம்முடைய தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால் முதல் பதினாறு நாளைக்கு யாரும் தனியாக அழ வேண்டியதில்லை. தப்பு மேளச் சத்தம் கேட்டவுடன் மேல் லயம், கீழ் லயம் என்று வரிசை வீடுகளில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும், மரண உதவிச் சங்கத்துக்காரர்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பையன்கள் றோட்டோரம் வெள்ளைக்கொடி கட்டுவார்கள், அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து தேத்தண்ணி வந்துகொண்டே இருக்கும். கிழவிகள் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், அதில் ஒருத்தி உங்கள் அம்மாவுக்காகத் தொடங்கி, நடுவில் எப்போதோ செத்துப்போன தன் மகனுக்குத் தாவிவிடுவாள், அதையும் யாரும் தப்பாக எடுப்பதில்லை. அந்த நாட்களில் புத்தகத்துக்கு என்ன வேலை? கருமாதி முடிந்த மறுநாள் காலையில்தான் சங்கதியே தொடங்குகிறது. பிரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, ஆள் போகிறது, அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழ வேண்டும், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும், எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "இப்ப பரவாயில்லையா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நடக்கிறார்கள். நாவல் அந்த நாளிலிருந்துதான் உதவும், அப்போதும் உடனே உதவும் என்று இல்லை. சிலருக்கு மூன்று மாதம் போதும், எனக்கு ஒன்றரை வருசம் ஆனது.

என் வீட்டுக்காரர் போன கதையை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை, இப்போதும் முழுக்க எழுதப்போவதில்லை, பட்டரி சங்கதியை மட்டும் சொல்கிறேன். டோர்ச் பட்டரி பலம் குறைந்தால் மனுசன் எறிய மாட்டார், அடுப்போரத்தில் சூடு படுகிற மாதிரி நிறுத்தி வைப்பார், இன்னும் ரெண்டு ராத்திரிக்கு உயிர் இருக்கு என்பார். எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு அடுப்படிக்குப் போனேன், ரெண்டு பட்டரி அங்கே நின்றுகொண்டிருந்தன. எட்டு மாதம் நான் அவற்றை எடுக்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசையும்போது கை பட்டு உருண்டால் எடுத்து அதே இடத்தில் நிறுத்துவேன், நிறுத்தும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று யோசிப்பேன். டோர்ச்சைக் கூட அவர் தங்கச்சி மகனுக்குக் கொடுத்தாயிற்று, பட்டரியை மட்டும் கொடுக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை, சொன்னால் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துவிடுவார்களோ என்ற பயம். பிறகுதான் ஜோன் டிடியன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2005இல் வெளியிட்ட புத்தகம் கைக்கு வந்தது. அது நாவல் இல்லை, 2003 கடைசியில் கணவர் இறந்த பிறகு வந்த ஒரு வருசத்தை நடந்தது நடந்தபடி எழுதியது. அவர் கணவருடைய உடுப்புகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்குகிறார், சப்பாத்துகளைக் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் மனுசன் திரும்பி வந்தால் போடச் சப்பாத்து வேண்டுமே. அந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. அங்கே சப்பாத்து, இங்கே பட்டரி. அதற்குப் பிறகுதான் பட்டரியை எடுத்தேன். உடனே இல்லை, ஒரு கிழமை கழித்து.

சரி, உங்களுக்கு என்ன படிக்கலாம்? தமிழிலேயே வேண்டுமென்றால் தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. வங்காள நாவல், த.நா. குமாரஸ்வாமி தமிழில் கொடுத்தது. ஜீவன் மஷாய் என்று ஒரு கிழட்டு நாட்டு வைத்தியர், நாடி பிடித்தால் ஆள் எத்தனை நாள் இருப்பார் என்று சொல்லிவிடுவார். சொந்த மகனின் நாடியிலும் அதே விரலை வைத்தவர். கதையில் சாவு என்பது பிங்கலகேசினி என்ற பெண், அவளுக்குக் கண்ணும் தெரியாது காதும் கேட்காது. நம்முடைய அழுகை அவளுக்குக் கேட்காததுதான் காரணம், நாம் சரியாக அழாதது காரணமில்லை. இதை ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து பல நூறு பக்கம் நிதானமாகச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி ஒரு புத்தகம். நாள் ஒன்றுக்கு நாலு பக்கம் படித்தாலும் அது கோபித்துக்கொள்ளாது.

ஆங்கிலம் ஓடும் என்றால் சீன எழுத்தாளர் யூ ஹுவாவின் நாவல் ஒன்று, 'டு லிவ்' என்ற பெயரில் கிடைக்கும். ஃபூகுயி என்ற விவசாயி, மகன், மகள், மனைவி, மருமகன், பேரன் என்று ஒவ்வொருவராகப் புதைக்கிறான். கேட்கும்போது யார் இதைப் படிப்பார்கள் என்று தோன்றும். ஆனால் கதையின் தொடக்கத்திலேயே அந்தக் கிழவன் ஒரு கிழட்டு மாட்டை வைத்து உழுதுகொண்டிருக்கிறான், மாட்டுக்கும் தன் பெயரையே வைத்திருக்கிறான். உழும்போது வேறு பெயர்களையும் சொல்லிச் சொல்லி அதட்டுகிறான், அவள் எவ்வளவு உழுதுவிட்டாள் பார், இவன் எவ்வளவு உழுதுவிட்டான் பார் என்று. ஏன் என்று கேட்டால், தான் மட்டும்தான் உழைக்கிறோம் என்று மாட்டுக்குத் தெரிந்தால் அதற்கு மனசு விட்டுப்போகுமாம். அதெல்லாம் செத்துப்போன மனைவி, பிள்ளைகள், மருமகன், பேரன் பெயர்கள் என்று நமக்குப் பின்னால்தான் தெரியவருகிறது. உங்கள் அம்மாவோடு நிரையில் நின்று கொழுந்தெடுத்த பெண்கள் இன்னும் வேலைக்குப் போகிறார்கள் அல்லவா, அவர்களிடம் இந்த மாட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள், என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

ஒன்றை மட்டும் இப்போது தொட வேண்டாம். இமையத்தின் 'செல்லாத பணம்', 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தீப்பட்டுக் கிடக்கும் மகளுக்காகப் பெற்றவர்கள் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்கிற கதை. அப்பன் கையில் பணம் இருக்கிறது, அந்தப் பணத்தால் ஆகிறது ஒன்றுமில்லை. பெரிய எழுத்து. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழும்பியவர்களுக்கு அந்த வாடை மூக்கை விட்டுப் போன பிறகுதான் அது.

வீட்டுக்காரரிடம் காசு கேட்க வேண்டாம், நூலகத்தில் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். பாதி ஏச்சு அதோடு நிற்கும்.

உயர்தரம் படிக்கிறேன். சாவு, சோகம் என்று நாவல் படித்தால் மூளை கெட்டுவிடும், முன்னேற்றப் புத்தகம் படி என்கிறார் டியூசன் சேர். அவர் சொல்வது சரியா?
*மாணவன், பண்டாரவளை*

பரீட்சை வரைக்கும் சேர் சொல்வதைக் கேளுங்கள். சோகம் கெடுக்கும் என்பதற்காக இல்லை, எந்த நல்ல நாவலும் ராத்திரி ரெண்டு மணி வரை விடாது என்பதற்காக. பரீட்சை முடிந்த மறுநாள் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எடுங்கள். ஒரு எழுத்தாளனின் சாவோடுதான் அது தொடங்குகிறது, ஆனால் உங்கள் சேரோடு ஒரு வருசம் வாதாடத் தேவையான சரக்கெல்லாம் அதில் இருக்கிறது.

டீச்சர், நான் கத்தாரில் வேலை. போன வருசம் அப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. தம்பி வீடியோ கோல் எடுத்துக் காட்டினான், மழையில் படம் நின்று நின்று வந்தது, கொள்ளி வைக்கிற நேரம் லைன் அறுந்துவிட்டது. அன்றைக்கு நான் அழவில்லை. இரவு வேலைக்கும் போனேன். ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோதும் அழவில்லை. "காசு கண்டவன் கல்லாப் போயிட்டான்" என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். இப்படி ஒருவனைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?
*வாசகர், தலவாக்கலை*

எழுதியிருக்கிறார்கள் தம்பி, அது உலகம் முழுக்கப் படித்த நாவல். அல்பேர் காம்யுவின் 'அந்நியன்', 1942இல் பிரெஞ்சில் வந்தது, வெ. ஸ்ரீராம் நேரே பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். மெர்சோ என்பவனுடைய அம்மா முதியோர் இல்லத்தில் இறந்துபோகிறாள். அவன் போகிறான், பிணத்துக்குப் பக்கத்தில் இரவு முழுக்க இருக்கிறான், பால் கோப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் கடலில் குளிக்கிறான், ஒரு பெண்ணோடு படம் பார்க்கப் போகிறான். பின்னால் அவன் ஒரு ஆளைச் சுட்டுக் கொன்று கோர்ட்டில் நிற்கும்போது வழக்கு எதன்மேல் நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பாதி நேரம் அந்தப் பால் கோப்பியின்மேல்தான் நடக்கிறது. அம்மாவின் சாவில் அழாதவன் எதையும் செய்வான் என்று வக்கீல் கை நீட்டிப் பேசுகிறார். உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த நாவலில் கறுப்புக் கோட்டுப் போட்டு வருகிறார்கள், அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

ஆனால் நீங்கள் மெர்சோ இல்லை. அவன் நடந்ததை இப்படி உட்கார்ந்து ஒரு டீச்சருக்கு எழுத மாட்டான், லைன் அறுந்த நேரத்தை நினைவு வைத்திருக்கவும் மாட்டான். அதனால் இன்னும் ரெண்டு புத்தகம் சொல்கிறேன், ரெண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கும். ஒன்று நம்முடைய நாட்டுத் தமிழர் அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்திலேயே எழுதியது, 'எ பாசேஜ் நோர்த்', 2021இல் புக்கர் இறுதிப் பட்டியலுக்குப் போனது. பாட்டியைப் பார்த்துக்கொண்ட ராணி என்ற பெண் ஊருக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள் என்று போன் வருகிறது, கிருஷன் என்ற இளைஞன் கொழும்பிலிருந்து கோச்சி ஏறிச் செத்தவீட்டுக்குப் போகிறான், நாவல் முழுவதும் அந்தப் பயணம்தான். ராணி யுத்தத்தில் ரெண்டு ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். வசனம் நீளம் நீளமாக ஓடும், ஒரு வசனம் முடிவதற்குள் ஒரு ஸ்டேசன் போய்விடும், பொறுமை வேண்டும். நீங்கள் போகாமல் விட்ட அந்தப் பயணத்தை வேறொருவன் போவதைப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம்.

மற்றது ஜப்பான்காரி பனானா யோஷிமோட்டோவின் 'கிச்சன்', 1988. சின்னப் புத்தகம். பாட்டி இறந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு வீட்டில் எங்கே படுத்தாலும் தூக்கம் வரவில்லை, ஃபிரிட்ஜ் பக்கத்தில் படுத்தால் மட்டும் வருகிறது. அதன் இரைச்சல் துணைக்கு இருக்கிறது. கேம்ப் அறையில் ஏசி இரைச்சலுக்குக் கீழே படுக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பின்னால் ஒரு இடத்தில் அவள் துக்கத்தில் இருக்கும் நண்பனுக்காக ராத்திரியோடு ராத்திரியாக டாக்சி பிடித்து, சுடச்சுடச் சோறு கொண்டுபோகிறாள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிற பழக்கம் நமக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

அழுகை வராததைப் பற்றி: வரும்போது வரும், பெரும்பாலும் ஏதாவது கேவலமான இடத்தில் வரும். எனக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கடலை வாங்கிச் சில்லறையை எண்ணியபோது வந்தது. பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் துக்கத்தைப் பேசும் நாவல் என்று எதைச் சொல்வீர்கள்? வகுப்பில் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.
*ஆசிரியர், ஹட்டன்*

சேர், இதற்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிக்காது. நம்முடைய நாவல்களில் சாவு நிறைய இருக்கிறது, துக்கம் குறைவு. ஒருவர் செத்தால் அடுத்த அத்தியாயத்தில் வேலை நிறுத்தம் வந்துவிடும், அல்லது சங்கக் கூட்டம் வந்துவிடும். எழுதினவர்களைக் குறை சொல்லவில்லை, வீடும் வாக்கும் இல்லாத சனத்துக்கு உட்கார்ந்து அழ நேரம் எங்கே இருந்தது, கதைக்கும் நேரம் இருக்கவில்லை. ஆனாலும் படிக்கும்போது, செத்தவனின் பெண்சாதி அன்று ராத்திரி என்ன செய்தாள், அவன் கம்பளியை எங்கே மடித்து வைத்தாள் என்று கேட்கத் தோன்றுகிறது. எழுதியவர் அதற்குள் துரை பங்களாவுக்குப் போய்விடுகிறார்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964), தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974), இந்த ரெண்டையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒன்றில் வந்து சேர்ந்தவர்கள், மற்றதில் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் துக்கம் வேண்டுமென்றால் நாவலுக்கு முன்னால் பாட்டுக்குப் போங்கள். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்தாரே அந்த நாட்டார் பாடல்கள். தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்துப் பாட்டு ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஒரு பெண் எட்டத்தில் தெரிகிற மலையைக் காட்டி, அதுதான் நான் அண்ணனைத் தோற்ற மலை என்கிறாள். இழந்த என்று சொல்லவில்லை, தோற்ற என்கிறாள். யாரோடு மோதித் தோற்றாள், காட்டோடா, காய்ச்சலோடா, கங்காணியோடா, அதைப் பாட்டு சொல்லாது. கல்லறை இல்லை, கட்டை இல்லை, கை நீட்டிக் காட்ட ஒரு மலை மட்டும் இருக்கிறது. பிள்ளைகளை ஜன்னலுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் எந்த மலை என்று கேளுங்கள். வகுப்பு தானாக நடக்கும்.

இன்னொரு வகை இழப்பும் நமக்கு உண்டு, சாகாமலே போனவர்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் நம்முடைய சனத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாக எழுதினார்கள். அக்காவுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கை என்று வீட்டுக்குள்ளேயே கோடு விழுந்தது. ஹட்டன் ஸ்டேசனில் ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் பிடித்தவர்களை வழியனுப்பப் போன சனம் பிளாட்போமில் மாரடித்து அழுததால்தான் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. எங்கள் பெரியம்மா அதில்தான் போனார், நான் அப்போது சின்னப் பிள்ளை. கோச்சி நகர்ந்த பிறகும் அம்மா ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்தது ஞாபகம் இருக்கிறது, பிளாட்போம் முடிகிற இடத்தில் ஒரு போட்டர் பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகு கடிதம் வந்தது, பிறகு நின்றது. பெரியம்மா எப்போது இறந்தார் என்று எங்களுக்குத் தெரியாது, ஆகவே கருமாதியும் இல்லை. இந்தத் துக்கத்துக்கு முழு நாவல் ஒன்று, அந்தப் பிளாட்போமை விட்டு நகராத நாவல் ஒன்று, எனக்கு வேண்டும். உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பெண்பிள்ளை எழுதட்டும்.

2014இல் மீரியாபெத்தை மண்சரிவில் எங்கள் மாமா குடும்பம் போய்விட்டது. மாமாவின் உடல் கிடைக்கவில்லை. ஒரு சட்டையை வைத்துச் சடங்கு செய்தோம். அத்தைமாருக்கு இன்றைக்கும் நம்பிக்கை விடவில்லை. இதைப் போல ஏதாவது கதை இருக்கிறதா டீச்சர்?
*வாசகி, பதுளை மாவட்டம்*

அந்த ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் லயம் மண்ணுக்குள் போனதை நான் ரேடியோவில் கேட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கதை இருக்கிறது, அது உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. மாசி மாதம் காமன் கூத்து பார்த்திருப்பீர்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்துவிடுகிறார், மிச்சம் சாம்பல்தான், கட்டி அழ உடம்பு கிடையாது. ரதி அழுகிற அந்த ராத்திரியில் கூத்து பார்க்கிற பெண்கள் எல்லாம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்களே, அவர்கள் ரதிக்காக மட்டுமா அழுகிறார்கள். கடைசியில் காமன் எழும்புகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், ஊருக்குத் தெரிய மாட்டான். உங்கள் அத்தைமாரை யாராவது "இன்னுமா" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நாவல் என்றால் மைக்கல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்', 2000இல் வந்தது, ஆங்கிலம், கதை முன்னும் பின்னுமாகப் போகும். அதில் ஆனந்த என்று ஒருவன், புத்தர் சிலைக்குக் கண் வரைகிறவன், அவன் மனைவி காணாமல் ஆக்கப்பட்டவள். அடையாளம் தெரியாத ஒரு மண்டையோட்டுக்கு முகம் செய்து தரச் சொல்லி அவனிடம் கொடுக்கிறார்கள். செய்து தருகிறான். முகம் அமைதியாக, தூங்குகிற மாதிரி இருக்கிறது. அது அந்த எலும்புக்கு உரியவனின் முகம் மாதிரி இல்லை, தன் மனைவிக்கு எது கிடைத்திருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டானோ அதை அந்த முகத்தில் வைத்துவிட்டான். நீங்கள் சட்டையை மடித்து வைத்தபோது கொலரை நேராக்கியிருப்பீர்கள் இல்லையா, அது போலத்தான்.

அப்பா இறந்ததிலிருந்து அம்மா தினமும் காகத்துக்குச் சோறு வைக்கிறார், அது வந்து தொட்டால்தான் தானும் சாப்பிடுகிறார். மழை நாளில் பகல் ரெண்டு மணி வரை பட்டினி. என்ன செய்வது?
*வாசகர், நாவலப்பிட்டி*

உங்கள் அம்மாவிடம் மெக்ஸ் போட்டர் என்ற வெள்ளைக்காரர் 2015இல் எழுதிய சின்ன நாவலின் கதையைச் சொல்லுங்கள். லண்டனில் ஒரு வீடு, மனைவி திடீரென்று செத்துவிட்டாள், அப்பனும் ரெண்டு பையன்களும் மட்டும். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு மனுசன் பருமனுக்கு ஒரு காகம் உள்ளே வருகிறது. நான் உங்களுக்குத் தேவையில்லாமல் போகும் வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று தங்கிவிடுகிறது. நாற்றம், குறும்பு, கெட்ட வார்த்தை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை. அங்கேயே காகம் தேடி வருகிறது என்றால் அம்மாவுக்குப் பெருமையாக இருக்கும். சோறு விசயத்தில், காலை ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வெள்ளனவே வைக்கச் சொல்லுங்கள். காகம் பத்து மணிக்குள் வந்துவிடும். அப்பா இருந்த காலத்தில் அம்மா சாப்பிடத்தான் அவரும் காத்திருந்தாரா என்று ஒருதரம் கேட்டும் பாருங்கள்.

என் தங்கச்சி மகளுக்குப் பத்து வயது. கூடப் படித்த பிள்ளை டெங்குவில் இறந்துவிட்டது. அவளுக்கு என்ன வாசித்துக் காட்டலாம்?
*வாசகி, கொட்டகலை*

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' (1929). முழுவதும் வேண்டாம், துர்க்கா, அப்பு என்ற அக்கா தம்பி வருகிற இடங்களை மட்டும். காய்ச்சலில் படுத்திருக்கும் துர்க்கா, எனக்குச் சுகமானதும் ரயிலைக் கூட்டிப்போய்க் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். பார்க்காமலே போய்விடுகிறாள். வெகுநாள் கழித்து அந்த வீட்டைக் காலி செய்யும்போது, அக்கா திருடவில்லை என்று சாதித்த ஒரு சின்னத் தங்கச் சிமிழ் அப்புவின் கையில் அகப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் மூங்கில் காட்டுக்குள் வீசிவிடுகிறான். இந்த இடத்தை வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள், ஏன் வீசினான் என்று கேள்வி கேட்காதீர்கள், நான் டீச்சராக இருந்தபோது கேட்டுக் கேட்டுத்தான் பாதிக் கதையைக் கெடுத்தேன். கொட்டகலையில் கோச்சிச் சத்தம் கேட்கும், மிச்சத்தை அவளே கேட்பாள்.

எங்கள் பாட்டி நல்லா ஒப்பாரி சொல்லும். தாத்தா செத்தப்போ பாடினதைத் திருட்டுத்தனமா போனில் பிடித்து வைத்திருக்கிறேன். இப்போ பாட்டியும் இல்லை. அதை எழுதிப் புத்தகமாக்கலாமா, இல்லை அது பாவமா?
*வாசகர், பொகவந்தலாவை*

பாவமெல்லாம் இல்லை தம்பி, தாத்தாவோடு பாட்டி போட்ட சண்டையும் அதில் இருக்கும், வீட்டில் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதலில் இன்றைக்கே அதை இன்னொரு போனிலும் ஒரு கம்பியூட்டரிலும் ஏற்றி வையுங்கள், உங்கள் போன் தண்ணிப் பீலிக்குப் பக்கத்தில்தான் எப்போதும் விழும். அப்புறம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள், பாட்டி "ஏம்பொன்னு ராசாவே" என்று சொன்னதை "என் பொன் அரசே" என்று திருத்தாதீர்கள். விளங்காத சொல் வந்தால் பாட்டி வயசுக்காரர்கள் லயத்தில் யாராவது இருப்பார்கள், தேத்தண்ணி நேரத்தில் போய்க் கேளுங்கள், அவர்களும் ரெண்டு பாட்டுச் சொல்வார்கள், அதையும் பிடித்துக்கொள்ளுங்கள், இந்த முறை சொல்லிவிட்டுப் பிடியுங்கள். நடுவில் பாட்டி மூச்சு வாங்குகிற இடம், இருமுகிற இடம், யாரோ "தேத்தண்ணி குடி ஆயா" என்கிற இடம் வரும். அதை வெட்டிவிடாதீர்கள்.